முடிக்கும் ஜெபம்

கரண்டி உதட்டில் பட்டதும் அப்பா வாயை இறுக மூடிக்கொண்டார். கண் திறக்கவில்லை, கை அசையவில்லை, வாய் மட்டும் பூட்டிக்கொண்டது. அரைமயக்கத்திலும் ஒரு மனுஷனுக்கு இவ்வளவு பிடிவாதமா என்று சின்னவளுக்கு எரிச்சல் வந்தது.

குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நிற்பதற்குள் ஒரு வாயாவது உள்ளே போய்விட வேண்டும். அம்மா குளிக்கப் போகும் இந்தச் சின்ன இடைவெளிதான் அவளுக்குக் கிடைப்பது. மற்ற நேரமெல்லாம் அம்மா கட்டிலோரத்து நாற்காலியை விட்டு நகர்வதில்லை. பஞ்சைத் தண்ணீரில் நனைத்து அப்பாவின் உதட்டில் ஒற்றுவாள், போர்வையைச் சரிசெய்வாள், யாராவது கிண்ணத்தோடு அறைக்குள் வந்தால் ஒரு பார்வை பார்ப்பாள். அந்தப் பார்வையைத் தாண்டி இதுவரை யாரும் வந்ததில்லை.

"அப்பா, நான்தான்ப்பா. ஒரே ஒரு வாய். அம்மாகிட்ட சொல்ல மாட்டேன், சத்தியமா."

கன்னத்தை லேசாக அழுத்தி, கடைவாய் இடுக்கில் கரண்டியைச் சாய்த்தாள். கஞ்சி உள்ளே போனது. வென்றுவிட்டோம் என்று நினைத்த அடுத்த நொடி அப்பாவின் நெஞ்சு தூக்கிப் போட்டது. இருமல் வெளியே வரமுடியாமல் தொண்டையில் அடைத்துக்கொண்டு முகம் கருத்தது. அவள் பதறிப்போய் அவரை ஒருக்களித்துப் புரட்டி முதுகில் தட்டினாள். கஞ்சி முழுவதும் தலையணையில் வழிந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் மூச்சு பழைய இடத்துக்கு வந்தது.

அவள் சாதாரண ஆளில்லை. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சமையற்கட்டு முழுக்க அவள் பொறுப்பில்தான் ஓடுகிறது. பல்லில்லாதவர்கள், வயிற்றில் தையல் போட்டவர்கள், சாப்பாட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் எல்லோருக்கும் எதை எப்படிக் கரைத்துக் கொடுத்தால் இறங்கும் என்று அவளுக்கு அத்துப்படி. ஊருக்கெல்லாம் ஆக்கிப் போடுகிறவள் சொந்த அப்பாவுக்கு ஒரு வாய் ஊட்டத் துப்பில்லாமல் நிற்கிறாளே என்று அவளுக்கே அவள்மேல் கோபம்.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. அம்மா தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றாள். கிண்ணத்தைப் பார்த்தாள், அப்பாவின் மோவாயைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். திட்டுவாள் என்று சின்னவள் காத்திருந்தாள்.

"தலையணை ஈரமாயிருக்கு," என்றாள் அம்மா. "உறையை மாத்து."

அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது.

அந்த வீட்டில் உபவாசம் புதிதல்ல. அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். வெள்ளிக்கிழமைதோறும் பச்சைத் தண்ணீரைத் தவிர வேறொன்றும் தொடாமல் மாடி மாடியாக ஏறி இறங்கி வேலை பார்த்துவிட்டு வருவார். சாயங்காலம் மேஜையைச் சுற்றி எல்லோரும் உட்கார, அப்பா ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு முடிக்கும் ஜெபத்தை ஆரம்பிப்பார். அது லேசில் முடியாது. சூப் ஆடை கட்டிக்கொள்ளும். அண்ணன் மேஜைக்கடியில் அவளைக் கிள்ளுவான். எதற்காக உபவாசம் இருந்தார் என்பது அந்த ஜெபத்தில்தான் வெளியே வரும். அதற்கு முன்னால் கேட்கக் கூடாது. உபவாசம் இருக்கிறவரிடம் 'எதுக்கு?' என்று கேட்பது அந்த வீட்டில் கெட்ட வார்த்தைக்குச் சமம்.

அம்மாவின் உபவாசங்களையும் அப்பாதான் முடித்துவைப்பார். அதுதான் பெரிய வேடிக்கை. அம்மா அவரிடமும் சொல்ல மாட்டாள். அவராகக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் சரியாகச் சொல்லிவிடுவார். ஒரு தடவை மட்டும் அம்மாவின் தங்கை கல்யாணத்துக்கென்று நினைத்து உருக்கமாக ஜெபித்து 'ஆமென்' என்றார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். அம்மா சொல்லவில்லை. கண்ணை மூடியபடியே உட்கார்ந்திருந்தாள். அப்பா ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்னுமொரு விஷயம் ஆண்டவரே" என்று மறுபடி தொடங்கினார். இரண்டாம் தடவை சரியாக அடித்தார். அம்மா ஆமென் சொல்லிவிட்டு ரொட்டிக்கு வாயைத் திறந்தாள்.

இந்த முறை தொடங்கியது திங்கட்கிழமை. அப்பா கஞ்சியை வேண்டாமென்று முகத்தைத் திருப்பினார். அம்மா கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்க் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்து, "அவரு உபவாசத்துல இருக்காரு. நானும் கூட இருக்கேன்," என்று அறிவித்தாள்.

சபைக்குள் செய்தி தீயாகப் பரவியது. படுத்த படுக்கையிலும் உபவாசமா என்று போன்மேல் போன் வந்தது. எதற்காக என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் ஆளாளுக்கு ஒன்றை முடிவு செய்துகொண்டார்கள். அண்ணனுக்குக் குழந்தை இல்லாததற்காக என்றார் ஒருவர். சபைக் கட்டிடம் பாதியில் நிற்கிறதே, அதற்குத்தான் என்றார் இன்னொருவர். சர்ச் பக்கம் வருவதை நிறுத்திவிட்ட சின்னமகளுக்காகத்தான் என்று பலர் நினைத்தார்கள். அது அவளுக்கும் தெரியும். ஞாயிற்றுக்கிழமை டியூட்டி என்று ஆரம்பித்து, பிறகு டியூட்டி இல்லாத ஞாயிறும் போகாமல், பிறகு ஜெபிப்பதும் விட்டுப்போயிற்று. அப்பா மட்டும் ஒரு நாளும் குத்திக்காட்டியதில்லை. "ஞாயித்துக்கிழமையும் ஜனங்களுக்குப் பசிக்கும்ல" என்று அவளுக்காக வக்காலத்து வாங்குவார்.

அப்பா இருப்பது உபவாசம் இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆஸ்பத்திரி டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு வாசலில் வைத்து மெதுவாகச் சொல்லியிருந்தார், உடம்பு ஒவ்வொன்றாகக் கடையை மூடுகிறது, பசி முதலில் போகும் என்று. அப்பா போகப்போகிறார் என்பதை அவள் மனது பாதி ஏற்றுக்கொண்டிருந்தது. ஏற்காத பாதிதான் கரண்டியைத் தூக்கிக்கொண்டு அலைந்தது. ஆனால் அவளை உண்மையில் ஆட்டிவைத்த பயம் அம்மாவைப் பற்றியது. அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி. சாப்பாடு இல்லை, மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் போட்டுக்கொண்டிருந்தாள். வெறும் வயிற்றில் அது சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிடும் என்று அன்று காலைதான் சின்னவள் அட்டையைப் பிடுங்கி ஒளித்துவைத்திருந்தாள். அப்பா உபவாசத்தை முடிக்கும்வரை தானும் முடிப்பதில்லை என்று அம்மா உட்கார்ந்திருக்கிறாள். அப்பா முடிக்கவே போவதில்லை. அப்படியானால் அம்மா என்ன ஆவாள்?

தலையணை உறையை மாற்றிக்கொண்டிருந்தபோது வெளியே கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அண்ணன் வந்துவிட்டான், அண்ணியோடும் போதகரோடும்.

"எல்லாம் பேசிட்டேன்," என்றான் செருப்பைக் கழற்றும்போதே. "ஆம்புலன்ஸ் வந்துக்கிட்டிருக்கு. அட்மிட் பண்ணி மூக்கு வழியா குழாய் போட்டுட்டா சத்து உள்ள போயிடும். அப்புறம் பாருங்க, எழுந்து உக்காந்துடுவாரு."

"அவரு உபவாசத்துல இருக்காருடா," என்றாள் அம்மா உள்ளிருந்தே.

"அம்மா, அதுக்குத்தான் ஐயாவையே கூட்டிட்டு வந்திருக்கேன். அவரே சொல்லட்டும்."

போதகர் பாவம். சின்ன வயதில் அம்மாவிடம் ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனம் ஒப்பித்து வளர்ந்தவர். இப்போதும் அம்மாவைக் கண்டால் முதுகு தானாக நிமிர்ந்துவிடும்.

"வந்து... உடம்பு முடியாதவங்க உபவாசம் இருக்கணும்னு ஆண்டவர் எதிர்பார்க்க மாட்டாரும்மா," என்று ஆரம்பித்தார்.

அம்மா எழுந்து கூடத்துக்கு வந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்ததைச் சின்னவள் கவனித்தாள்.

"உபவாசம் இருக்கறவரு வாயைப் பலவந்தமாத் திறந்து சாப்பாட்டை ஊத்துங்கன்னு எந்த வசனத்துல இருக்கு? சொல்லுங்க, கேட்டுக்கறேன்."

போதகர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கூரையைப் பார்த்தான்.

"வாயில ஊத்தப்போறதில்லம்மா, மூக்குல," என்றாள் அண்ணி, உதவி செய்கிற நினைப்பில்.

"மூக்கு மட்டும் என்ன வேற வீட்டுதா?"

வாக்குவாதம் சூடுபிடித்தது. அண்ணன் குரலை உயர்த்தினான். "அப்பாவைப் பட்டினி போட்டுக் கொன்னுட்டோம்னு நாளைக்கு நாலு பேர் கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்று அவன் கத்தியபோது குரல் உடைந்தது. அவனுக்கும் அழுகைதான், அதிகாரமாக வெளியே வருகிறது என்று சின்னவளுக்குப் புரிந்தது. அம்மா அசையவில்லை. அறை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். ஒரு கை நிலையைப் பிடித்திருந்தது.

சின்னவள் அம்மாவை ஒட்டி நுழைந்து உள்ளே போனாள், அப்பா இந்தக் கூச்சலைக் கேட்கிறாரோ என்று பார்க்க. கட்டிலில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மூச்சு ஒன்று வந்தது. அடுத்தது வரக் கொஞ்சம் நேரமாயிற்று. அதற்கடுத்ததற்கு அவள் காத்திருந்தாள். கூடத்தில் அண்ணன் இன்னும் டாக்டர் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தான். அவள் இன்னும் காத்திருந்தாள்.

"அம்மா," என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் கூடத்தில் பேச்சு நின்றது. அம்மா வந்து அப்பாவின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். அங்கேயே வைத்திருந்தாள். பிறகு அவர் கலைந்த முடியைப் பக்கவாட்டில் ஒதுக்கிவிட்டாள்.

ஆம்புலன்ஸ் அப்போதுதான் வந்தது. ஸ்ட்ரெச்சரோடு உள்ளே நுழைந்த இருவர் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். அண்ணன் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டான். அம்மாதான் திரும்பிப் பார்த்து, "வெயில்ல வந்திருக்காங்க. குடிக்க ஏதாவது குடு," என்றாள்.

சாயங்காலமே அடக்கம் என்று முடிவானது. அதற்குப்பிறகு வீடு யாருடைய வீடாகவும் இல்லாமல் போயிற்று. பக்கத்து வீட்டு நாற்காலிகள் வந்தன. சபையார் வந்தார்கள், பாட்டுப் பாடினார்கள், எழுந்து போனார்கள், வேறு சிலர் வந்து உட்கார்ந்தார்கள். அண்ணன் போனைக் காதில் வைத்தபடி உள்ளும் வெளியும் நடந்தான். சின்னவளுக்கு அழ நேரமில்லை. அவள் கண் முழுக்க அம்மாமேல் இருந்தது. அம்மாவின் நெற்றியில் முத்து முத்தாக வியர்த்திருந்தது. பேச்சு கொஞ்சம் குழறியது. "துக்கம் தாங்கல பாவம்" என்று ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துக்கமில்லை, பசி என்று கத்த வேண்டும்போல் இருந்தது சின்னவளுக்கு.

இனிப்புப் பால் கொண்டுபோனாள். அம்மா தலையை ஆட்டி மறுத்தாள். பழம் கொண்டுபோனாள். மறுத்தாள். அண்ணி கெஞ்சினாள். போதகர் முழங்காலில் நின்று நீளமாக ஜெபித்து ஆமென் சொல்லி, "இப்ப சாப்பிடலாம்மா," என்றார்.

"அது ஆறுதல் ஜெபம் ஐயா," என்றாள் அம்மா. "உபவாசத்தை முடிக்கிற ஜெபம் அதில்ல."

அதை யார் செய்வார் என்று யாரும் கேட்கவில்லை. செய்கிறவர் கூடத்தில் வெள்ளைத் துணிக்கடியில் படுத்திருந்தார்.

சின்னவள் அண்ணனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்தாள். "அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கிக்கிட்டே போகுதுண்ணே. இன்னும் கொஞ்சம் போனா மயங்கி விழுந்துடுவாங்க. நீதான் மூத்தவன், நீ முடிச்சு வை."

அம்மாவை மெதுவாக எழுப்பிச் சமையலறை மேஜைக்கு அழைத்துவந்தார்கள். கதவைச் சாத்தினார்கள். சின்னவள் ஒரு கிண்ணத்தில் சூடான பாலை ஊற்றி, ரொட்டியைத் தட்டில் வைத்தாள். அண்ணன் ரொட்டியைக் கையில் எடுத்துக் கண்ணை மூடினான்.

"பிதாவே, அப்பா சுகமாகணும்னு அம்மா உபவாசம் இருந்தாங்க. உம்முடைய சித்தம் வேறயா இருந்துச்சு. அதை நாங்க ஏத்துக்கறோம். அம்மாவுக்குப் பெலன் குடும். ஆமென்."

"ஆமென்," என்றாள் சின்னவள், எத்தனையோ வருஷம் கழித்து.

அம்மா சொல்லவில்லை. அண்ணன் ரொட்டியைப் பிய்த்து அவள் வாயருகே கொண்டுபோனான். உதடு இறுக மூடியிருந்தது.

"அதுக்கில்லடா," என்றாள் அம்மா.

"அப்ப எதுக்கும்மா?"

கேட்டபிறகுதான் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டது அவனுக்கு உறைத்தது. வெளியே வண்டி வந்து நின்று ஹாரன் அடித்தது. சர்ச்சில் ஜனம் காத்திருக்கிறது, இருட்டுவதற்குள் அடக்கம் முடிய வேண்டும் என்று யாரோ கதவுக்கு அந்தப் பக்கம் சொன்னார்கள். "வர்றோம், வர்றோம்," என்று அண்ணன் எழுந்து கதவுவரை போய்விட்டு, திரும்பிப் பார்த்து அங்கேயே நின்றான்.

அம்மாவின் தலை ஒரு பக்கம் சாயத் தொடங்கியிருந்தது. சின்னவள் அவள் எதிரே உட்கார்ந்து அவள் கை இரண்டையும் பிடித்தாள். சில்லென்று ஈரமாக இருந்தன. எதுக்கு இருந்தே, எதுக்கு இருந்தே என்று மனதுக்குள் அரற்றினாள். சுகமாகணும் என்பதற்கில்லை. அப்படியானால் அண்ணன் கேட்டதற்கு ஆமென் வந்திருக்கும். குழாய் போட்டால் பிழைப்பார் என்று அவன் சொன்னபோது வாசலை மறித்துக்கொண்டு நின்றிருக்கமாட்டாள். கிண்ணத்தோடு வந்த ஒவ்வொருவரையும் பார்வையாலேயே திருப்பி அனுப்பியிருக்கமாட்டாள். திங்கட்கிழமை அப்பா முகத்தைத் திருப்பியதும் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தவள் அவள். அன்றைக்கே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. டாக்டரம்மா சொல்வதற்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது.

சின்னவள் கண்ணை மூடினாள். அப்பாவின் வேத வார்த்தைகளில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. தெரிந்த பேச்சில் பேசினாள்.

"ஆண்டவரே, அப்பா உபவாசம் இருக்கல. அவருக்குப் பசிக்கல, அவ்வளவுதான். அம்மாதான் இருந்தாங்க. சாப்பிட மாட்டேங்கிறாருன்னு சொல்லியிருந்தா நாங்க யாரும் அவரை விட்டிருக்க மாட்டோம். உபவாசம்னு சொன்னதாலதான் விட்டோம். நான் அதுக்கும் விடல, காலையில அவரை இரும வெச்சேன்." அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தாள். "அவரை யாரும் தூக்கிட்டுப் போகக் கூடாது, குத்தக் கூடாது, குழாய் போடக் கூடாது, அவரு கட்டில்லயே நிம்மதியாப் போகணும்னு அம்மா உபவாசம் இருந்தாங்க. அதைக் கேட்டீங்க. அவரு அப்படித்தான் போனாரு. ஸ்தோத்திரம். ஆமென்."

ஹாரன் மறுபடி ஒருமுறை அடித்து ஓய்ந்தது.

"ஆமென்," என்றாள் அம்மா.

சின்னவள் ரொட்டியைப் பாலில் நனைத்து நீட்டினாள். அம்மா வாயைத் திறந்தாள். மெல்ல மென்றாள். தொண்டை ஏறி இறங்குவதை மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணீர் அவள் கன்னத்தில் தாராளமாக ஓடியது, துடைக்கக் கை ஒழியவில்லை. இரண்டாவது துண்டும் இறங்கியது.

கதவு இடிபட்டது. "கிளம்பலாமா? டிரைவர் அவசரப்படுத்தறாரு."

அண்ணன் கதவைப் பாதி திறந்தான். முகம் ஒரு மாதிரியாக இருந்தது. அவன் அம்மாவைப் பார்க்கவில்லை, மேஜைமேலிருந்த ரொட்டியைப் பார்த்தான்.

"அம்மா சாப்பிடறாங்க," என்றான். "இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு இருக்கச் சொல்லுங்க."

சிறிது நேரத்தில் வெளியே இன்ஜின் சத்தம் நின்றது. கூடத்திலிருந்தவர்கள் எழுந்த நாற்காலிகளில் மறுபடி உட்காரும் ஓசை வரிசையாகக் கேட்டது. அம்மா கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அடுத்த துண்டைத் தானே நனைத்து எடுத்தாள்.